இரண்டு கை மாவு

மராடி, நைஜர் நாடு
3 ஜூலை 2005

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நான் இங்கே வந்து நாலு மாதமாகிறது. நீ எழுதுவாய் என்று நானும், நான் எழுதுவேன் என்று நீயும் முறுக்கிக்கொண்டு இருந்தது போதும்.

அன்றைக்கு நான் பேசியது தப்பு. ஊருக்குக் கிளம்புகிறவள் சும்மா விடைபெற்றுக்கொண்டு போயிருக்கலாம். உன் பால்வாடிக்கு வந்து, எடைப் பதிவேட்டைப் புரட்டி, ஆயா சோலையம்மாள் முன்னால் வைத்து, "என்னக்கா, முப்பத்தாறு பிள்ளையும் மாசம் தவறாம கால் கிலோ கூடுது, கோழிப் பண்ணையா நடத்துற?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ பதிவேட்டை மூடிக்கொண்டு உள்ளே போனவள்தான். மதுரை ஸ்டேஷனுக்கு அத்தான் மட்டும் வந்து ரயில் ஏற்றிவிட்டார்.

இங்கே கூடாரத்தில்தான் ஆஸ்பத்திரி. பட்டினியால் விழுந்த குழந்தைகள் மட்டும் இருநூறுக்கு மேல். நான் படித்த நர்ஸிங் படிப்பில் இது பாதிப் பக்கம் வந்தது. அந்தப் பாதிப் பக்கத்தை வைத்துக்கொண்டு தினமும் மல்லுக்கட்டுகிறேன். இந்த ஊர்ப் பேச்சில் எனக்குப் பத்து வார்த்தைதான் தெரியும். அதில் முதல் வார்த்தை யுன்வா. பசி.

எனக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. இங்கே இப்போது மழைக்காலம். வழியெல்லாம் பச்சை. கம்பு முழங்கால் உயரம் நிற்கிறது. ஆமாம், நம் கரிசலில் விளையுமே, அதே கம்புதான். கூழ்கூட நம் வீட்டுக் கூழ் மாதிரியே இருக்கிறது. ஆனால் போன வருஷத்துத் தானியம் தீர்ந்துவிட்டது, இந்த வருஷத்துக் கதிர் முற்ற இன்னும் மூன்று மாதம் வேண்டும். அந்த மூன்று மாதத்தில்தான் பிள்ளைகள் சாகிறார்கள். வயல் பச்சையாக இருக்கும்போது பட்டினி கிடப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

இத்துடன் ஒரு நாடா வைத்திருக்கிறேன். இடது மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்று. பச்சை வந்தால் பிள்ளை நல்லபடியாக இருக்கிறது. மஞ்சள் வந்தால் கவனம். சிவப்பு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உன் தொங்கு தராசு துருப்பிடித்துப் போனது என்றாயே, இது துருப்பிடிக்காது. குத்திக் காட்ட அனுப்பவில்லை, நம்பு.

போன் பண்ணலாம்தான். சண்டை போட்ட ஆளிடம் போனில் பேச எனக்கு வராது. நீயும் முக்குக் கடை பூத்தில் நின்று பேசினால் நாலு பேர் காது கொடுப்பார்கள். கடிதமே எழுது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
ஷைலா


தாயில்பட்டி
29 ஜூலை 2005

ஷைலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கோழிப் பண்ணைக்காரி எழுதுகிறேன்.

குத்திக் காட்ட அனுப்பவில்லை என்று எழுதிவிட்டு நாடாவை உள்ளே வைத்து அனுப்புகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். சரி, மனதார மன்னித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உனக்காக ஜெபம் செய்தபோது அழுகை வந்துவிட்டது. உன் அத்தான், "இம்புட்டுப் பாசம் வச்சிக்கிட்டா நாலு மாசம் முறைச்சிக்கிட்டு இருந்தே?" என்று சிரிக்கிறார்.

நீ ஆப்பிரிக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து தாயில்பட்டியில் இறக்காதே. இங்கே இப்போது சீசன். தீபாவளிக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. விடியுமுன்னே பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஹாரன் அடிக்கின்றன. கம்பெனிக்குப் போகாதவர்கள் வீட்டில் இருந்து வெடிக்குழாய் உருட்டுகிறார்கள். உன் அத்தானுக்கு நிற்க நேரமில்லை. கம்பெனிக் குடோனில் இருந்து காகிதமும் பசை மாவும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்து, உருட்டிய குழாயை வாங்கி வருகிறார். எந்த வீட்டிலும் உலை கொதிக்காமல் இல்லை.

உன் நாடாவையும் சுற்றிப் பார்த்துவிட்டேன். எல்லாம் பச்சை. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியில் செல்லத்தாய் என்று ஒருத்தி. மூன்று வயது மகள் பானுப்பிரியாவுக்கு மட்டும் மஞ்சள் காட்டியது. அந்தப் பிள்ளை பிறவியிலேயே நோஞ்சான். தகப்பன் முத்துப்பாண்டி கேரளாவுக்கு வேலைக்குப் போனவன், தகவலே இல்லை. செல்லத்தாய் கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குழாய் உருட்டுகிறாள். பானு பால்வாடிக்கு வாரத்தில் மூன்று நாள் வந்தால் பெரிது.

அங்கே ஒரு கூத்து. நாடா சுற்றப் போனபோது இந்தப் பிள்ளை பசைச் சட்டிக்குள் விரலை விடப் பார்த்தது. செல்லத்தாய் பட்டென்று கையில் அடித்து, "துத்தம் கெடக்கு, தொட்டன்னா செத்துப் போவ" என்றாள். உனக்கு மறந்திருக்கும். மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் தட்டிப் போடுவார்கள். நீலமாகக் கற்கண்டு போல இருக்குமே, அதுதான். போட்டால் குழாயைப் பூச்சி அரிக்காது, பசை புளிக்காது. பசிக்கிற பிள்ளைகள் வழித்துத் தின்னவும் முடியாது. மாவு ஒரு பையிலும் துத்தம் ஒரு பொட்டலத்திலுமாக உன் அத்தான் கொடுப்பார். அவர்களே கலந்துகொள்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே பாம்பு உண்டா?

தேவமணி


மராடி
25 ஆகஸ்ட் 2005

அன்புள்ள அக்கா,

பாம்பு இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

உன் கடிதத்தை வாங்கிப் படிக்கும்போது சிரித்தேன். பிறகு மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை படித்தேன். நடுவில் நடந்ததை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ராபி என்று ஒரு குழந்தை. இரண்டு வயது. தாய் இரண்டு நாள் நடந்து தூக்கிக்கொண்டு வந்தாள். நான்தான் வாசலில் நாடா சுற்றினேன். மஞ்சள். சிவப்புக்கு மட்டும்தான் படுக்கை என்பது இங்கே விதி, ஏனென்றால் சிவப்பே வாசல் வரை கிடக்கிறது. ஒரு பை மாவும் எண்ணெயும் கொடுத்து அனுப்பிவிட்டேன். வீட்டில் இன்னும் நாலு பிள்ளைகள் என்று சொன்னாளாம். எனக்குப் பாஷை புரியவில்லை. அந்த மாவை ஐந்தாகப் பங்கு போட்டிருக்கிறாள், எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தாள். துணியைப் பிரித்தபோது பிள்ளைக்கு மூச்சு இல்லை, நாடாவுக்கு வேலை இல்லை. மஞ்சள் வந்தால் கவனம் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. அதிலும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவளை நான் திருப்பி அனுப்பினேன்.

பசித்த உடம்பு முதலில் கொழுப்பைத் தின்னும். பிறகு தசையைத் தின்னும். கடைசியில் இதயத்தின் தசையையே தின்னும். கூடாரத்துக்குள் நுழைந்ததும் அழுகிற பிள்ளையைக் கண்டு நாங்கள் பயப்பட மாட்டோம். அழத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் போடாமல் கிடக்கும் பிள்ளையிடம்தான் முதலில் ஓடுவோம்.

வெட்டுக்கிளி என்றும் வறட்சி என்றும் பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இந்த ஊர்ச் சந்தைக்குப் போய்ப் பார். கம்பு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. தானியம் இல்லாமல் போவதுதான் பஞ்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இங்கே தானியம் இருக்கிறது. ஒரு ஆட்டை விற்றால் போன வருஷம் கிடைத்ததில் பாதிக் கம்புகூட இப்போது கிடைப்பதில்லை. மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கிறார்கள்.

பானுப்பிரியா மஞ்சள் என்றாய். அவள் என்ன சாப்பிடுகிறாள்? முகம், கால் எப்படி இருக்கிறது? அவளை நிஜமாகவே தராசில் போட்டாயா? பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறாய்? கோபப்படாமல் பதில் எழுது.

ஷைலா


தாயில்பட்டி
24 செப்டம்பர் 2005

அன்புத் தங்கைக்கு,

ராபிக்காக ஜெபித்தேன். அது உன் குற்றம் இல்லை. படுக்கை இல்லாத இடத்தில் நீ என்ன செய்வாய்? மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

கோபப்படாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். பானுவைத் தராசில் போட்டேன். எட்டரை கிலோ. பதிவேட்டில் பன்னிரண்டு என்று இருக்கிறது. போதுமா?

இதை நீ அங்கே இருந்து புரிந்துகொள்ள மாட்டாய். ஒரு பிள்ளையை மூன்றாம் நிலை, அதாவது கடும் சத்துக்குறைவு, என்று சிவப்பு மையில் எழுதினால், மேலே இருந்து கேள்வி மேல் கேள்வி வரும். உணவு எங்கே போனது, முட்டை எங்கே போனது, நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பார்கள். சூப்பர்வைசர் அம்மா கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவார்கள். எம். புதுப்பட்டிப் பக்கத்து டீச்சர் ஒருத்தி உண்மையை எழுதப் போய் மூன்று மாதம் அலைந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் நல்ல எடைதான். ஒரு டீச்சர் எழுதுவதைப் பார்த்து மற்றவர்களும் எழுதுகிறோம்.

ஒரே மாதத்தில் பன்னிரண்டை எட்டரை ஆக்கினால் இதுவரை எழுதியது எல்லாம் பொய் என்று ஆகிவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மாதம் கால் கிலோ, கால் கிலோவாகக் குறைத்து எழுதி உண்மைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று பார்க்கிறேன். இந்த மாதம் பதினொன்றே முக்கால் எழுதிவிட்டேன்.

நீ பயப்படுகிற அளவுக்கு அவள் மோசமில்லை. இப்போது கன்னம் உப்பி, கால் எல்லாம் சதை பிடித்துக் கொழுகொழு என்று இருக்கிறாள். ரகசியம் என்ன தெரியுமா? பசைக்குக் கொடுக்கிற மைதாவில், துத்தம் போடுவதற்கு முன்னால் செல்லத்தாய் இரண்டு கை அள்ளி எடுத்து வைத்துவிடுகிறாள். அதைக் கருப்பட்டி போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். நான் திடீரென்று போய் நின்றபோது சட்டியை மறைக்கப் பார்த்தாள். "சார்ட்ட சொல்லிறாதீக டீச்சர், ரெண்டு கை மாவுதான்" என்று, உன் அத்தானுக்குப் பயந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி மாவுதான், திருட்டுதான். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் புண்ணியத்தையாவது என் கணக்கில் எழுதிக்கொள்.

தேவமணி

பி.கு.: அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் எடுக்கிறார்களாம்.


மராடி
20 அக்டோபர் 2005

அக்கா,

முதலில் ஒன்று. அந்த மைதாக் கஞ்சியை உடனே நிறுத்து. அது சாப்பாடே இல்லை. வெறும் மாவு. வயிற்றை அடைக்கும், உடம்புக்கு ஒன்றும் தராது.

இரண்டாவது. அவளுக்குப் பிடித்திருப்பது சதை இல்லை. நீர். புறங்காலில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்து, மூன்று எண்ணும் வரை. விரலை எடுத்தபிறகு குழி அப்படியே நின்றால் அது பட்டினி வீக்கம். இங்கே வருகிற தாய்மாரும் பிள்ளை தேறிவிட்டது என்றுதான் சந்தோஷமாகக் காட்டுவார்கள். அந்த நீரையும் சேர்த்துத்தான் எட்டரை கிலோ. நீரைக் கழித்தால் இன்னும் குறையும்.

உன் கால் கிலோக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டில் இருந்து எட்டரைக்கு இறங்கப் பதினாலு மாதம் ஆகும். அடுத்த வருஷம் முடியப் போகும்போது பானுப்பிரியா உன் பதிவேட்டில் மூன்றாம் நிலைக்கு வருவாள். அதுவரை அவள் இருப்பாளா? அக்கா, நீ கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது.

எட்டரை என்று எழுது. சிவப்பு மையில் எழுது. எழுதினால்தான் அவளுக்கு இரட்டைப் பங்கு சத்துமாவு வரும். அதுவரை உன் கைக்காசில் முட்டை, பால், வறுத்த கடலை, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை கொடு. ஒரேயடியாகத் திணிக்காதே, அதுவே கொன்றுவிடும். இங்கே நாங்கள் பாக்கெட்டில் கொடுத்துப் பிழைக்க வைப்பதும் கடலையும் பாலும் எண்ணெயும் சர்க்கரையும் அரைத்த விழுதுதான். விருதுநகர் கடலை மண்டியைத் தாண்டாமல் நாம் எங்கும் போனதில்லை, அந்தக் கடலைதான் இங்கே மருந்து. காலில் குழி விழுந்தால் இதை எல்லாம் விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்குப் போ.

இங்கே அறுப்பு முடிந்துவிட்டது. கூடாரத்தில் கூட்டம் குறைகிறது. அங்கே உங்களுக்கு மழை ஆரம்பிக்குமே.

ஷைலா


தாயில்பட்டி
15 நவம்பர் 2005

ஷைலாவுக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் இப்படி ஒரு மழை பார்த்ததில்லை. வெம்பக்கோட்டை அணை நிரம்பியதைப் பார்க்க ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். காலனிக்காரர்கள் போகவில்லை. தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடக்கின்றன. வெயில் இல்லாமல் குழாய் காயாது என்று வீடுகளுக்கும் வாரம் ஒரு லோடுதான் இறக்குகிறார்கள். வயல் பச்சையாக இருக்கும்போது பட்டினி என்று நீ எழுதியது அன்று எனக்குப் புரியவில்லை. இங்கேயும் மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் உலை இல்லை. பத்து நாளாகப் பால்வாடியும் ஒழுகுகிறது. சமைக்கவில்லை.

உன் கடிதம் போன வாரம் வந்தது. அன்றைக்கே குடையைப் பிடித்துக்கொண்டு ஓடை தாண்டிப் போய் அழுத்திப் பார்த்தேன். குழி நின்றது. செல்லத்தாய் கேட்டாள், "என்ன டீச்சர் பாக்கீக?" ஒன்றுமில்லை என்றேன்.

ஷைலா, நீ சொன்னதில் பாதிதான் என்னால் முடிந்தது. மூன்று நாள் முட்டை அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதிகூட இறங்கவில்லை. சிவகாசிக்குக் கூட்டிப் போனால் அங்கே பால்வாடி அட்டையைக் கேட்பார்கள். அட்டையில் பதினொன்றரை என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டு நாள் யோசித்தேன். மழை விடட்டும் என்று விட்டேன்.

ஆனால் மைதாவை நிறுத்திவிட்டேன். செல்லத்தாயிடம் சொன்னால் கேட்க மாட்டாள் என்று உன் அத்தானிடம் சொன்னேன். "கம்பெனி மாவை எடுத்துப் பிள்ளைக்குக் காய்ச்சிக் குடுக்கா, அது பிள்ளைக்கு ஆகாதாம், ஷைலா எழுதிருக்கா, நீங்க கொஞ்சம் கண்டிச்சு விடுங்க" என்றேன். அவரும், "மாவு குறையுது குறையுதுன்னு கம்பெனியில கேட்டுக்கிட்டே இருக்காக. நான் பாத்துக்கிடுறேன், நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

பானுவுக்கு நேற்றில் இருந்து வாந்தி. ஊரெல்லாம் மழைக் காய்ச்சல், அதுவாகத்தான் இருக்கும். வாந்தி நீலம் கலந்த பச்சையாகப் போகிறது என்று செல்லத்தாய் பயப்படுகிறாள். பித்தம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நாளைக்குப் பார்த்துவிட்டு, அட்டை கிடக்கட்டும் என்று நானே கூட்டிப் போகிறேன். ஜெபித்துக்கொள்.

தேவமணி


மராடி
8 டிசம்பர் 2005

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. மூன்று வாரமாகிவிட்டது. முக்குக் கடை பூத்துக்கு ஆறு தடவை போன் போட்டேன். மணியே அடிக்கவில்லை.

பித்தம் அந்த நிறத்தில் வராது. நீலம் என்றால் துத்தம். அத்தான் என்ன பார்த்துக்கொண்டார் என்று கேள். இன்றைக்கே கேள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் எடுக்கிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். ஒரு வீடு விடாமல் போய் மாவைக் கொட்டச் சொல்.

நான் மைதாவை நிறுத்து என்று முதல் வரியில் எழுதினேன். அதற்குப் பதில் என்ன கொடுப்பது என்பதைக் கடைசியில் எழுதினேன். நான் எழுதிய வரிசையிலேயே நீயும் செய்திருக்கிறாய். இரண்டு கை மாவு அவளுக்கு நல்ல சாப்பாடு இல்லைதான். ஆனால் அவளுக்கு அது ஒன்றுதான் சாப்பாடாக இருந்தது. இருநூறு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அதுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

அவள் இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது.

ஷைலா


தாயில்பட்டி
2 ஜனவரி 2006

அன்புள்ள ஷைலாவுக்கு,

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. பானுப்பிரியா நவம்பர் பதினேழாம் தேதி போய்விட்டாள். நானும் செல்லத்தாயும் தூக்கிக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் போனோம். பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்னே தலை தொங்கிவிட்டது. கடைசி வரை அவள் அழவே இல்லை. சத்தம் போடாத பிள்ளையைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உன் கடிதம் கிறிஸ்துமஸ் முடிந்து இருபத்தேழாம் தேதி வந்தது. அதுவரை காய்ச்சல் என்றே நினைத்திருந்தேன், சத்தியமாக. அன்றைக்கு உன் அத்தான் கேக் துண்டு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டேன். மறைக்கவில்லை. குடோனிலேயே துத்தத்தைப் பொடித்து மாவோடு கலந்து பை கட்டியிருக்கிறார். "எல்லார்ட்டயும் சொல்லித்தான குடுத்தேன், கலந்த மாவு, வாயில வச்சிராதீகன்னு" என்றார். செல்லத்தாயிடம் சொன்னீர்களா என்றேன். அன்றைக்கு மழையில் ஓடை தாண்டாமல் இந்தப் பக்கமே லோடை இறக்கியிருக்கிறார், அவள் வரவில்லை. பக்கத்து வீட்டு சொர்ணலட்சுமி இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிப் போயிருக்கிறாள். போய்ச் சொல்ல அவளுக்கு மறந்துவிட்டது. "நீதான கண்டிச்சு விடச் சொன்னே" என்றார். கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றில் இருந்து அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. நான் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

அன்றைக்கே வீடு வீடாகப் போய் மாவைக் கொட்ட வைத்தேன். மற்ற வீடுகளில் எல்லாருக்கும் கலந்த மாவு என்று தெரிந்திருந்தது. தெரிந்ததால் அந்த வீடுகளில் கஞ்சியும் இல்லாமல் போயிருக்கிறது.

சாவுக்கு முன் நான் எழுதிய பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பானுப்பிரியா, பதினொன்றரை கிலோ, இயல்பு நிலை. நல்ல நிலையில் இருந்த பிள்ளை எதற்குச் செத்தது என்று யாரும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் அம்மா பெயரை அடித்துவிடச் சொன்னார்கள், அவ்வளவுதான். நான் அடிக்கவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளையும் திரும்பத் தராசில் போட்டு, கையில் நாடா சுற்றி, இருக்கிறபடி எழுதினேன். ஒன்பது பிள்ளைகள் மூன்றாம் நிலை. ஜூலையில் எல்லாம் பச்சை என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அன்றைக்குப் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் நான் நாடா சுற்றவே இல்லை. உனக்கும் கால் கிலோக் கணக்குத்தான் எழுதியிருக்கிறேன். "தேவமணி, ஆயிரம் கேள்வி வரும்" என்றார்கள் சூப்பர்வைசர் அம்மா. வரட்டும் அம்மா, வந்தால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன் என்றேன்.

பிறகு செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். அவள் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிள்ளை பக்கத்தில் சாக்கில் கிடந்தான். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எடை பொய் என்றேன். மாவில் துத்தம் கலந்தது என் வீட்டுக்காரர் என்றேன், சொல்லிவிட்டது நான் என்றேன். நீ போலீசுக்குப் போனால் நானும் வந்து இதையே சொல்வேன் என்றேன். அவள் கை நிற்கவில்லை. குழாய் உருண்டுகொண்டே இருந்தது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும்.

பசைச் சட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "நாக்குல வச்சுப் பாத்தேன் டீச்சர். கசந்துச்சு. கருப்பட்டியில நெறமும் தெரியல. பழைய மாவக் குடுத்துட்டாகன்னு நெனச்சேன். அவ வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டுனா. கருப்பட்டி ரெண்டு துண்டு கூடப் போட்டுக் குடிக்க வச்சேன்."

அவளே எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். சாக்கில் கிடந்த பிள்ளையைத் தூக்கி, சட்டையை விலக்கி, இடது கையை என் பக்கம் நீட்டினாள். "இவனுக்கும் அந்த நாடாவச் சுத்திப் பாருங்க" என்றாள். எழில் என்று பெயர். ஒன்பது மாதம்.

சுற்றினேன். சிவப்பு. பையில் இருந்த பதிவேட்டை எடுத்து அவள் முன்னாலேயே சிவப்பு மையில் எழுதினேன். எழுதிவிட்டு மூன்று பேருமாக அதே சிவகாசி பஸ்ஸில் ஏறினோம். பிள்ளை ஏறியதும் அழ ஆரம்பித்தான். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், சமாதானப்படுத்துங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை அழுதுகொண்டே வந்தான் ஷைலா. நாங்கள் இரண்டு பேரும் அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

தேவமணி